மான்டி கார்லோ சிமுலேஷன்: ஆய்வு மாணவர்களும் புள்ளியியல் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எம்.இ., பிஎச்.டி. மாணவர்கள் ஒரு பக்கம், கல்லூரியில் புள்ளியியல் எடுக்கும் ஆசிரியர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் என்பதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சிமுலேஷனில் வரும் எண்ணை நான் ஓர் அளவீடாகத்தான் பார்க்கிறேன். லேபில் எடுத்த ரீடிங்குக்குப் பிழை எல்லை போடாமல் ரெக்கார்டு நோட்டில் எழுதினால் கையெழுத்து கிடைக்காது. கணினி தந்த எண்ணுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை? கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

பொறியியல்காரர் சொல்லும் சிமுலேஷனும் புள்ளியியல்காரர் சொல்லும் சிமுலேஷனும் ஒன்றுதானா?

இல்லை. குழப்பத்தில் பாதி இங்கேயே தொடங்குகிறது. கட்டடத் துறையிலோ இயந்திரத் துறையிலோ சிமுலேஷன் என்றால் ஒரு பொருளைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதி, மொத்தத்தையும் கணினியிடம் கொடுப்பது. ஃபைனைட் எலிமென்ட், திரவ ஓட்டக் கணக்கு எல்லாம் இந்த வகை. ஒரே உள்ளீட்டைப் பத்து முறை கொடுத்தாலும் ஒரே விடைதான் வரும்.

புள்ளியியல்காரர் சொல்வது வேறு. உள்ளீடே நிலையில்லாதது என்று வைத்துக்கொண்டு, நிகழ்தகவுப் பரவலிலிருந்து எண்களை எடுத்து எடுத்துப் போட்டு, விடை எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பார். அதுதான் மான்டி கார்லோ.

இன்றைய பொறியியல் ஆய்வில் இரண்டும் கலந்தே வருகின்றன. ஃபைனைட் எலிமென்ட் மாடல் உள்ளே இருக்கும். மான்டி கார்லோ வெளியே இருந்து அதைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும். அப்போது பிழையும் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஆய்வேடுகளில் ஒன்றைப் பற்றி எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். வைவாவில் மாட்டுவதும் அங்கேதான்.

மான்டி கார்லோ யார் கண்டுபிடித்தது?

வழக்கமாகச் சொல்லும் கதை உண்மைதான். 1946-ல் உடல்நலம் தேறிவந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம், பொழுதுபோக்காகத் தனியாள் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டம் வெற்றியில் முடிய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடப் பார்த்தார், சிக்கலாகிக்கொண்டே போனது. பேசாமல் நூறு முறை ஆடிப்பார்த்து எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. லாஸ் அலமோஸில் அணுகுண்டுப் பணியில் நியூட்ரான்கள் பொருளுக்குள் எப்படிப் பரவும் என்ற கேள்விக்கும் இதே வழி பொருந்தும் என்று ஜான் வான் நாய்மனிடம் சொன்னார். வான் நாய்மன் 1947 மார்ச்சில் கணக்கு முறையை விவரித்துக் கடிதம் எழுதினார். 1948-ல் எனியாக் கணினியில் ஓட்டினார்கள். பெயர் வைத்தது நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ். உலாமின் மாமா ஒருவர் மான்டி கார்லோவுக்குச் சூதாடப் போகக் கடன் வாங்குவாராம். அதை வைத்துக் கிண்டலாக வைத்த பெயர். 1949-ல் மெட்ரோபோலிஸும் உலாமும் அந்தப் பெயரிலேயே கட்டுரை வெளியிட்டார்கள்.

ஆனால் வகுப்பில் சொல்ல எனக்குப் பிடித்த கதை அதற்கும் ஏறத்தாழ 40 ஆண்டு முந்தியது. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலைபார்த்த வில்லியம் காஸெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908-ல் ஒரு கட்டுரை எழுதினார். நாம் இன்று டி-சோதனை என்கிறோமே, அதன் மூலம் அதுதான். சின்ன மாதிரிகளின் சராசரி எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கில் ஒரு வளைவு கண்டார். அது சரியா என்று பார்க்க, 3,000 குற்றவாளிகளின் உயரம், இடது நடுவிரல் நீளம் ஆகிய அளவுகளை அட்டைகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, நான்கு நான்காகப் பிரித்தார். மொத்தம் 750 மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் சராசரி, திட்ட விலக்கம் கையால் போட்டு, தன் வளைவோடு ஒப்பிட்டார். கணினி இல்லாத மான்டி கார்லோ. புள்ளியியல் வகுப்பில் சிமுலேஷன் ‘புதுப் பழக்கம்’ என்று முகம் சுளிக்கும் மூத்த பேராசிரியர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சூத்திரம் இருக்கிறதே, அப்புறம் எதற்கு சிமுலேஷன்?

சூத்திரம் நேர்கோடாக இருந்தால் தேவையில்லை. சிக்கல், அது வளையும்போது.

இரு முனையிலும் தாங்கிய ஒரு மர உத்தரம், நடுவில் சுமை. தொய்வுக்கான சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: சுமையை நீளத்தின் கனத்தால் (மும்மடியால்) பெருக்கி, 48, யங் குணகம் (பொருளின் விறைப்பு), நிலைமத் திருப்புத்திறன் (குறுக்குவெட்டு வடிவத்தால் வரும் விறைப்பு) மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். யங் குணகம் கீழே, பகுதியில் இருக்கிறது. அதன் சராசரி 10 கிகாபாஸ்கல், திட்ட விலக்கம் 2 என்று வைப்போம். மரத்துக்கு இந்தச் சிதறல் ஒன்றும் அதிகமில்லை. சராசரியைப் போட்டால் தொய்வு 12 மில்லிமீட்டர் வருகிறது என்போம்.

இப்போது குணகம் இரண்டு திட்ட விலக்கம் குறைந்து 6 ஆனால் தொய்வு 20 மில்லிமீட்டர். இரண்டு கூடி 14 ஆனால் தொய்வு 8.6. ஒரு பக்கம் 8 கூடுகிறது, மறுபக்கம் 3.4 தான் குறைகிறது. ஆகவே சராசரித் தொய்வு 12-ல் நிற்காது, சுமார் 12.5 ஆகிவிடும். சராசரி உள்ளீட்டைப் போட்டால் சராசரி விடை வரும் என்று நினைப்பவர்கள் இந்த அரை மில்லிமீட்டரைத் தொலைக்கிறார்கள். அது போகட்டும் என்றாலும், வடிவமைப்பில் நமக்கு வேண்டியது அந்த 20 மில்லிமீட்டர் பக்கத்து வால், அதாவது பரவலின் ஓரத்தில் அரிதாக வரும் மதிப்புகள். அது எவ்வளவு நீளம் என்று சிமுலேஷன் நேரடியாகக் காட்டிவிடும்.

உத்தரத்தின் ஆழத்தையும் கவனியுங்கள். நிலைமத் திருப்புத்திறனுக்குள் அதன் மும்மடி வருவதால், ஆழத்தை அளப்பதில் 1 சதவீதம் தவறினால் தொய்வில் 3 சதவீதம் தவறும். எதை மெனக்கெட்டு அளப்பது, எதைச் சுமாராக விடலாம் என்று இப்படித்தான் தெரிந்துகொள்கிறோம். அளவியல் நிறுவனங்கள் இதை முறையாகவே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அளவீட்டு நிச்சயமின்மைக்கான சர்வதேச வழிகாட்டி ஆவணத்தின் முதல் துணை ஆவணம், 2008-ல் வந்தது, முழுக்க மான்டி கார்லோவைப் பற்றியது.

எந்தப் பரவலைப் போடுவது? எல்லாவற்றுக்கும் இயல்நிலைப் பரவல் போட்டால் போதாதா?

மேலே சொன்ன உத்தரத்திலேயே பார்த்துவிடலாம். சராசரி 10, திட்ட விலக்கம் 2. பூஜ்ஜியம் சராசரியிலிருந்து ஐந்து திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது. அதற்கும் கீழே போகும் வாய்ப்பு ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று. ஆயிரம் முறை ஓட்டினால் கண்ணில் படாது. ஒரு கோடி முறை ஓட்டினால் சராசரியாக மூன்று முறை எதிர்ம யங் குணகம் வரும். அதாவது கீழே அழுத்தினால் மேலே எழும் உத்தரம்! பூஜ்ஜியத்துக்கு மிகப் பக்கத்தில் ஓர் எண் வந்துவிட்டாலோ தொய்வு மீட்டர் கணக்கில் போய், சராசரியையே கெடுத்துவிடும்.

எதிர்மமாக முடியாத அளவுகளுக்கு லாக்-நார்மல் போடுவது நடைமுறை. காற்று வேகம், வெள்ளம் போன்ற உச்ச அளவுகளுக்கு கம்பெல் வகைப் பரவல்கள். திரும்பத் திரும்பச் சுமை ஏறி வரும் சோர்வு முறிவுக்கு வெய்புல். ஆனால் பரவலின் பெயரைவிட முக்கியமான ஒன்றை மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள்: உள்ளீடுகளுக்கிடையே உள்ள ஒட்டுறவு. கான்கிரீட்டின் வலிமையும் யங் குணகமும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இரண்டையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால், உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு கான்கிரீட்டைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

எத்தனை முறை ஓட்ட வேண்டும்? கைடு 10,000 போதும் என்கிறார்.

எதற்குப் போதும் என்று அவரிடம் திருப்பிக் கேளுங்கள். மரியாதையாகத்தான்.

பிழை, ஓட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். சதுரத்துக்குள் புள்ளிகளைத் தூவி, கால் வட்டத்துக்குள் எத்தனை விழுந்தன என்று எண்ணிப் பை மதிப்பைக் காணும் பழைய விளையாட்டு எல்லோரும் செய்திருப்பீர்கள். 10,000 புள்ளிக்குத் திட்டப் பிழை 0.016. அதாவது 3.12, 3.15 என்று ஏதாவது வரும். இரண்டாம் தசம இடமே உறுதியில்லை. 10 லட்சம் புள்ளிக்கு 0.0016. நூறு மடங்கு உழைப்புக்கு ஒரே ஒரு இலக்கம் கூடுதல்.

சராசரி காண இது பரவாயில்லை. முறிவு வாய்ப்புக் காண்பது வேறு கணக்கு. ஓர் உத்தரத்தின் தாங்குதிறன் சராசரி 50, திட்ட விலக்கம் 5 கிலோநியூட்டன் மீட்டர். சுமையால் வரும் வளைவுத் திருப்புமை சராசரி 30, திட்ட விலக்கம் 4. இரண்டும் இயல்நிலை, ஒன்றையொன்று சாராதவை. வித்தியாசத்தின் சராசரி 20, திட்ட விலக்கம் 41-ன் வர்க்கமூலம், அதாவது 6.4. வகுத்தால் நம்பகக் குறியீடு 3.12. முறிவு வாய்ப்பு சுமார் 0.0009.

10,000 முறை ஓட்டினால் முறிவுகள் சராசரியாக 9 வரும், கூடவோ குறையவோ 3. உங்களுக்கு 6 வரலாம், பக்கத்து மேசைக்காரருக்கு 12 வரலாம். இருவரும் சரியாகத்தான் செய்திருப்பீர்கள், ஆனால் ஒருவர் விடை மற்றவருடையதைப் போல இரண்டு மடங்கு. பிழையைப் பத்து சதவீதத்துக்குள் கொண்டுவர, 100-ஐ முறிவு வாய்ப்பால் வகுத்தால் வருகிற எண்ணிக்கை வேண்டும். இங்கே சுமார் 1,10,000. சூத்திரமாகவே விடை தெரிந்த இந்தக் கணக்கை முதலில் உங்கள் நிரலில் ஓட்டிப்பாருங்கள். 0.0009 பக்கம் வரவில்லை என்றால் நிரலில் கோளாறு. இந்தப் பரிசோதனை செய்யாமல் பெரிய மாடலுக்குப் போகாதீர்கள்.

என் மாடல் ஒரு முறை ஓடவே ஐந்து நிமிடம் ஆகிறது. முறிவு வாய்ப்போ பத்து லட்சத்தில் ஒன்று.

அப்படியானால் 10 கோடி ஓட்டம், தலைக்கு ஐந்து நிமிடம். கூட்டிப்பார்த்தால் 950 ஆண்டு. பெல்லோஷிப் அவ்வளவு காலம் வராது.

வழிகள் இருக்கின்றன. முறிவு நடக்கும் பகுதியிலேயே வேண்டுமென்று அதிகம் மாதிரி எடுத்து, அந்த ஓரவஞ்சனையைப் பிறகு எடை போட்டுச் சரிக்கட்டும் முறை ஒன்று. அரிய நிகழ்வுக்கு இதுதான் பலமானது. ஆனால் எடைகளைப் பாருங்கள்: ஒரே ஓட்டத்தின் எடை மொத்தத்தில் பாதி இருந்தால், நீங்கள் லட்சம் ஓட்டியிருந்தாலும் கையில் இருப்பது ஓரிரு ஓட்டம்தான். இன்னொன்று லத்தீன் ஹைப்பர்கியூப், மெக்கே, பெக்மன், கோனோவர் மூவரும் 1979-ல் எழுதியது. ஒவ்வொரு உள்ளீட்டின் வீச்சையும் சம வாய்ப்புள்ள பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையிலும் ஒரு முறை எடுப்பது. சராசரிக்கு அருமையாக வேலை செய்யும். வாலுக்கு அவ்வளவு உதவாது. பல ஆய்வேடுகளில் இதை வாலுக்கு எடுத்துக்கொண்டுபோய் மாட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது, இப்போது எல்லோரும் ஓடுவது: சில நூறு ஓட்டங்களை வைத்து ஒரு பதிலி மாடல் பொருத்தி, அதை லட்சக்கணக்கில் ஓட்டுவது. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக் பெயரால் வழங்கும் கிரிகிங் இதில் பழையது, இப்போது நியூரல் நெட்வொர்க்கும் சேர்ந்துகொண்டது. பதிலி மாடல், தான் பார்த்த இடத்தில் நன்றாகச் சொல்லும். முறிவு நடக்கும் மூலையில் அது எத்தனை புள்ளி பார்த்தது என்று எண்ணிவிட்டு நம்புங்கள்.

ஆயிரம் முறை ஓட்டினேன், ஒரு முறிவுகூட இல்லை. முறிவு வாய்ப்பு பூஜ்ஜியம் என்று எழுதலாமா?

கூடாது. ஒன்றும் வராதபோது, 3-ஐ ஓட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 95 சதவீத நம்பிக்கையுடன் மேல் எல்லை கிடைக்கும். ஆயிரத்துக்கு 0.003. ‘0.003-க்கு மேல் இல்லை’ என்று எழுதுங்கள், அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும்.

கணினி தரும் சமவாய்ப்பு எண்கள் உண்மையிலேயே சமவாய்ப்பானவையா?

இல்லை, ஒரு சூத்திரத்திலிருந்து வரிசையாக வருபவை. நல்ல சூத்திரமாக இருந்தால் கவலையில்லை. கெட்ட சூத்திரத்துக்கு உதாரணம் ரேண்டு. 1960-களில் ஐபிஎம் கணினிகளோடு வந்து உலகமெங்கும் பரவியது. முந்தைய எண்ணை 65,539-ஆல் பெருக்கி, 2-ன் 31-ஆம் அடுக்கால் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்ளும். ஒரு மேசையில் வரைந்து பார்த்தால் நன்றாகத் தூவியதுபோலத்தான் தெரியும். மூன்று மூன்றாக எடுத்து முப்பரிமாணத்தில் வைத்துத் திருப்பிப் பாருங்கள்: எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் அடுக்கடுக்காக நிற்கும். காரணம் எளிது. 65,539 என்பது 2-ன் 16-ஆம் அடுக்குடன் 3 கூட்டியது. அதனால் ஒவ்வொரு எண்ணும் முந்தையதின் ஆறு மடங்கிலிருந்து அதற்கு முந்தையதின் ஒன்பது மடங்கைக் கழித்தால் வந்துவிடும், மீதிக் கணக்கில். இந்த வகைச் சூத்திரங்கள் எல்லாமே இப்படித் தளங்களில்தான் விழும் என்று ஜார்ஜ் மார்சாலியா 1968-ல் காட்டினார். நல்லவற்றில் தளங்கள் ஏராளம், ரேண்டுவில் பதினைந்தே. அதற்குள் அதை வைத்து எத்தனை முடிவுகள் அச்சேறினவோ.

இன்று ஆர் மொழியிலும் பைத்தானின் அடிப்படை ரேண்டம் தொகுதியிலும் இருப்பது மெர்சென் ட்விஸ்டர். மட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற ஜப்பானியர் இருவர் 1998-ல் வெளியிட்டது. தொடக்கத்துக்குத் திரும்பி வருவதற்குள் அது தரும் எண்களின் எண்ணிக்கையை எழுத 6,002 இலக்கம் வேண்டும். பைத்தானின் நம்பை நூலகத்தின் புதிய முறையில் பிசிஜி என்ற வேறு வகை. இவற்றைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது விதை எண்ணைப் பற்றி, அதாவது வரிசை தொடங்க நாம் கொடுக்கும் எண்ணைப் பற்றி. எட்டு கோர்களில் ஒரே விதையோடு நிரலை ஓட்டினால், 8 லட்சம் ஓட்டம் என்று நினைத்துக்கொண்டு ஒரே லட்சத்தை எட்டு முறை எண்ணியிருப்பீர்கள். பிழை எல்லை மட்டும் அழகாகச் சுருங்கியிருக்கும்.

படம் அழகாக வந்திருக்கிறது, சிவப்பு நீலம் எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது. இன்னும் என்ன சரிபார்க்க வேண்டும்?

நார்வேயில் ஸ்டாவாங்கர் நகருக்கு அருகே கான்ட்ஸ்ஃபியோர்டில் 1991 ஆகஸ்ட் 23 அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளத்தை, மேல்தளம் ஏற்றுவதற்கு முன்னோட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். 24 அறைகள் சேர்ந்த பிரம்மாண்டமான கட்டுமானம். மூன்று அறைகள் கூடும் இடங்களில் முக்கோண இடைவெளிகள் உண்டு, அவற்றுக்குள் கடல்நீர் நிற்கும். நீரழுத்தம் தாளாமல் அப்படி ஓர் இடத்தின் சுவர் விரிந்தது. பம்புகளால் சமாளிக்க முடியவில்லை. மொத்தமும் மூழ்கி, ஃபியோர்டின் அடியில் நொறுங்கியபோது நிலநடுக்கமானிகள் ரிக்டர் 3 என்று பதிவு செய்தன. உயிர்ச்சேதம் இல்லை. இழப்பு சுமார் 70 கோடி டாலர்.

விசாரணையில் தெரிந்தது: ஃபைனைட் எலிமென்ட் மாடலில் அந்த முக்கோணச் சுவர்ப் பகுதிக்குப் போட்ட மெஷ் (பொருளைத் துண்டு போடும் வலை) மிகவும் பரும்படியாக இருந்தது. நறுக்கு விசையை அது 47 சதவீதம் குறைத்துக் காட்டியது. அதை நம்பிச் சுவரை மெலிதாக வைத்தார்கள், கம்பி கட்டியதிலும் குறை இருந்தது. விபத்துக்குப் பிறகு கவனமாக மெஷ் போட்டு ஓட்டினால், 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். மென்பொருள் நல்ல மென்பொருள்தான். துண்டு போட்ட விதம்தான் தவறு.

ஆகவே குறைந்தது மூன்று அளவு மெஷ்ஷில் ஓட்டுங்கள். விடை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். நிற்கவே இல்லை என்றால், உள்மூலை ஏதாவது கூர்மையாக இருக்கிறதா என்று தேடுங்கள். கூரான உள்மூலையில் மீள்தன்மைக் கோட்பாட்டின்படி தகைவு முடிவிலிதான். மெஷ் நுணுக்க நுணுக்க எண் ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணை ‘உச்சத் தகைவு’ என்று அட்டவணையில் போட்டுவிட்டுப் பாதுகாப்புக் காரணி கணக்கிட்ட ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஓட்டுவதற்கு முன் கையால் ஒரு தோராயக் கணக்குப் போட்டு வையுங்கள். தாங்கிகளில் வரும் எதிர்விசைகளின் கூட்டல் மொத்தச் சுமைக்குச் சமமா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

சோதனை செய்யாமல் சிமுலேஷன் மட்டும் வைத்துக் கட்டுரை எழுதலாமா?

எழுதலாம், எழுதுகிறார்கள். ஆனால் ஏதோ ஓர் இடத்தில் மாடல் உண்மை உலகத்தைத் தொட வேண்டும். ஹைதராபாத்தில் பிறந்த அனீசூர் ரஹ்மான், அமெரிக்காவின் ஆர்கோன் (Argonne) ஆய்வகத்தில் 1964-ல் 864 ஆர்கான் அணுக்களை வைத்துத் திரவ ஆர்கானைக் கணினியில் ஓட்டினார். மூலக்கூறு இயக்கவியல் துறை வேர்பிடித்தது அந்தக் கட்டுரையில்தான். 864 அணு என்பது இன்று சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அணுக்கள் ஒன்றையொன்று சுற்றி எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, எவ்வளவு வேகமாக விரவுகின்றன என்ற இரண்டையும் சோதனையில் கண்ட அளவுகளோடு அவர் ஒப்பிட்டார், ஒத்துப்போயின. அதற்குப் பிறகுதான் சோதனையால் பார்க்க முடியாதவற்றை மாடலில் பார்த்துச் சொன்னார். அந்த வரிசைதான் முக்கியம்.

மூன்று கான்கிரீட் கனசதுரங்கள்தான் சோதித்தேன். பூட்ஸ்ட்ராப் செய்து ஆயிரம் ஆக்கிக்கொள்ளலாமா?

பிராட்லி எஃப்ரன் 1979-ல் தந்த பூட்ஸ்ட்ராப் அற்புதமான கருவி: கையிலுள்ள மாதிரியிலிருந்தே திரும்பத் திரும்ப, எடுத்ததை மறுபடி போட்டு, அதே அளவு மாதிரிகள் எடுத்து, சராசரியோ இடைநிலையோ எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது. ஆனால் அது புதுத் தரவு எதையும் உண்டாக்காது. மூன்று எண்களிலிருந்து எடுக்கக்கூடிய வெவ்வேறு மாதிரிகள் மொத்தமே 10. ஆயிரம் முறை எடுத்தாலும் அந்தப் பத்தையே சுற்றிச் சுற்றி வருவீர்கள். இன்னும் நான்கு வார்ப்பு போடுங்கள், அதுதான் மலிவு.

வகுப்பில் எங்கே தொடங்குவது?

கணினியை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பாதி வகுப்பு நாணயத்தை 100 முறை சுண்டி, தலை பூ என்று வரிசையாக எழுதட்டும். மீதிப் பாதி சுண்டாமல், மனதில் தோன்றியபடி ஒரு வரிசை எழுதட்டும். எந்தத் தாள் எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். தாள்களை வாங்கி, தொடர்ந்து ஆறு தலையோ ஆறு பூவோ எங்காவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உண்மையாகச் சுண்டிய வரிசையில் அப்படி ஒரு தொடர் இருக்க ஏறத்தாழ 80 சதவீதம் வாய்ப்பு. கற்பனையாக எழுதுகிறவர்கள் நான்கு தலை வந்ததுமே கை கூசி ஒரு பூ போட்டுவிடுவார்கள். பெரும்பாலான தாள்களைச் சரியாகப் பிரித்துவிடலாம், பிள்ளைகள் மாயம் என்று நினைப்பார்கள். அதன் பிறகு அந்த 80 எங்கிருந்து வந்தது என்று கேட்டு, கணினியை இயக்கச் சொல்லுங்கள். இப்போது அவர்களுக்கே விடை வேண்டியிருக்கும்.

அடுத்து நம்பிக்கை இடைவெளி. ‘95 சதவீதம்’ என்றால் என்ன என்று கேட்டால் முதுகலை மாணவர்களே தடுமாறுகிறார்கள். உண்மைச் சராசரி நமக்குத் தெரிந்த ஒரு முழுமைத் தொகுதியிலிருந்து நூறு மாதிரி எடுத்து, நூறு இடைவெளிகளையும் கோடுகளாக அடுக்கிக் காட்டுங்கள். நடுவில் உண்மை மதிப்பு ஒரு செங்குத்துக் கோடு. ஐந்தாறு கோடுகள் அதைத் தொடாமல் தள்ளி நிற்கும். மறுபடி ஓட்டினால் வேறு ஐந்தாறு. சராசரி அசையாமல் நிற்கிறது, இடைவெளிதான் அலைகிறது என்பது கண்ணாலேயே தெரிந்துவிடும். நான் கரும்பலகையில் எவ்வளவு எழுதினாலும் இது ஏறுவதில்லை.

சிமுலேஷன் பழகிவிட்டால் மாணவர்கள் நிரூபணத்தைக் கைவிட்டுவிட மாட்டார்களா?

இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் பால் எர்தேஷ் கதையைப் பாருங்கள். மூன்று கதவு, ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைத் தேர்ந்த பிறகு, எங்கே கார் இருக்கிறது என்று தெரிந்த நடத்துநர் ஆடு இருக்கும் ஒரு கதவைத் திறந்து காட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்பார். மாற்றினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. நிகழ்தகவில் மேதையான எர்தேஷே இதை ஒப்புக்கொள்ளவில்லை. நண்பர் ஆண்ட்ரூ வாசோனி கணினியில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் இறங்கிவந்தார். அப்போதும், ஏன் என்று விளங்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டாராம். மாணவர்களிடம் நான் எதிர்பார்ப்பது அந்தக் குறைதான்: எண் வந்துவிட்டது, சரி, ஏன் வந்தது?

பிறந்தநாள் கணக்கையும் இப்படியே நடத்தலாம். 23 பேர் இருந்தால் இருவருக்கு ஒரே பிறந்தநாளாக இருக்கும் வாய்ப்பு 50.7 சதவீதம். முதலில் ஓட்டி 0.5 பக்கம் வருவதைப் பார்க்கட்டும், பிறகு பெருக்கலைப் போடட்டும். நிரலில் 365 நாளும் சம வாய்ப்பு என்று அவர்களே எழுதியிருப்பார்கள். நம் ஊர்ப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் மே, ஜூன் பிறந்தநாள்கள் மொய்த்துக்கிடப்பது ஏன் என்று யாராவது ஒருவன் நிச்சயம் கேட்பான். அன்றைய வகுப்பு அங்கேயே போய்விடும், போகட்டும்.

ஆட்கள் காத்துநிற்கும் வரிசைகளை (கியூ) சிமுலேஷன் செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முதலில், விடை தெரிந்த ஒற்றைக் கவுன்டரைச் செய்துபாருங்கள். வருகையும் சேவை நேரமும் அடுக்குக்குறிப் பரவல் என்றால், கவுன்டர் 80 சதவீத நேரம் வேலையாக இருக்கும்போது உள்ளே சராசரியாக 4 பேர். 90 என்றால் 9. 95 என்றால் 19. வேலைப்பளு கொஞ்சம் ஏறினால் வரிசை எப்படி எகிறுகிறது என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

காலி கவுன்டரிலிருந்து தொடங்குவதால் முதல் பகுதி எண்கள் குறைவாக வரும், அதை வெட்டி எறியுங்கள். ஒருவர் காத்திருந்தால் பின்னால் நிற்பவரும் காத்திருப்பார் என்பதால், ஆயிரம் வாடிக்கையாளர் என்பது ஆயிரம் தனித்தனி அளவீடு ஆகாது. ஒரே நீண்ட ஓட்டத்துக்குப் பதில், வெவ்வேறு விதையோடு இருபது முப்பது ஓட்டம் ஓட்டி, ஒவ்வொன்றின் சராசரியையும் ஒரு அளவீடாகக் கொள்ளுங்கள்.

லைசென்ஸ் வாங்கக் காசில்லை. எதில் செய்வது?

ஆர், பைத்தான், ஆக்டேவ், சைலேப், ஓபன்ஃபோம் எல்லாம் இலவசம். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழிலேயே ஒலிப்பாடங்கள் இருக்கின்றன. அறிமுக வகுப்புக்கு எக்ஸெல் தாராளமாகப் போதும்.

அதே நிரல், அதே விதை. நேற்று வந்த விடை இன்று வரவில்லையே?

பேய் ஒன்றும் இல்லை. நூலகத்தின் பதிப்பு மாறியிருக்கும், அல்லது நிரல் பல கோர்களில் ஓடியிருக்கும். கணினியில் தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். எந்தக் கோர் முதலில் முடிக்கிறது என்பதைப் பொறுத்து அந்த வரிசை மாறும். வித்தியாசம் பத்தாவது பன்னிரண்டாவது இலக்கத்தில் என்றால் விடுங்கள். மூன்றாவது இலக்கத்தில் என்றால், ஒன்று ஓட்டங்கள் போதவில்லை, இல்லையேல் கோர்களுக்கு எண்கள் பிரித்துக் கொடுக்கப்படும் விதம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது. முதலில் ஒரே கோரில் இரண்டு முறை ஓட்டிப்பாருங்கள். அங்கே ஒத்துவந்தால் கோளாறு பிரித்துக் கொடுப்பதில்தான்.